சொரிமுத்துவின் ஈரக்கழிவு

சொரிமுத்துவுக்கு முதலில் கெடுதல் செய்தவன் தவசிக்கனி. அதற்குப் பிறகு கெடுதல் செய்தவர்கள் பலர் உண்டு, கூட்டுக்கு மூட்டம் போட்டுவிட்டு நடுவில் கழன்றுகொண்ட மச்சான் உண்டு, மரம் வெட்ட வருகிறேன் என்று வராமல் போனவர்கள் உண்டு, ஆனால் அத்தனை பேருக்கும் வழி வெட்டிக் கொடுத்தவன் தவசிக்கனி என்பதால், தினமும் காலையில் பல் விளக்கும்போது அவர் அவனைத்தான் முதலில் நினைப்பார், மற்றவர்களைக் குளிக்கும்போது நினைத்துக்கொள்வார்.

ஊர் உப்போடை விலக்கு. வேலிக்கருவையைத் தவிர வேறொன்றும் மனது வைத்து வளராத மண். அந்த மரத்தை வெட்டி, அடுக்கி, மேலே மண்ணைப் பூசி மூட்டமாக்கி, உள்ளே நெருப்பை வைத்து, புகை வெள்ளையிலிருந்து நீலமாக மாறும்வரை பக்கத்திலேயே காவல் கிடந்து கரியாக்கி, சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினால், அந்த லாரி ரோட்டோரத்து எடைமேடையில் ஏறித்தான் வெளியூர் போகவேண்டும். மேடை கரி வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தம். மேடையை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து எடை போட்டவன் தவசிக்கனி.

ஒரு பங்குனி மாதம் சொரிமுத்துவின் லாரி வரும் வழியில், அடுத்த ஊர் எல்லைக்குள் மட்டும், ஒரு மேகத்துக்கு என்ன தோன்றியதோ, நின்று பெய்தது. விலக்கில் ஒரு பொட்டு மழை இல்லை. தவசிக்கனி சாக்குக்குள் கையை விட்டான், வெளியே எடுத்து ஈரமான கறுப்பு உள்ளங்கையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான். "தண்ணி தெளிச்ச கரிவே இது. எடை கூட்டக் கொண்டாந்திருக்காரு." மேடையைச் சுற்றி நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், வானம் வெள்ளையாக இருந்தது. அன்றே தவசிக்கனி கம்ப்யூட்டரில் தட்டி, சொரிமுத்து பெயரில் எந்தச் சரக்கு வந்தாலும் ஒரு மூட்டை எடையை ஈரக்கழிவாகத் தானே கழித்துக்கொள்ளும்படி எழுதி வைத்துவிட்டான். அதன்பின் சித்திரை வெயிலில் வந்த கரியும், தட்டினால் வெண்கலப் பாத்திரம் மாதிரி ஒலிக்கும் கரியும், அந்தக் கழிவு போகத்தான் எடை நின்றது. ஊர் அவரைத் தண்ணிச் சொரிமுத்து என்றது.

கழிவை எடுக்கச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு. தவசிக்கனி அதே மேடையில் ஏறி நின்று, நாலு பேர் முன்னால், 'நான் சொன்னது பொய்' என்று வாயால் சொல்லவேண்டும். "பாப்போம்வே" என்றான் தவசிக்கனி. அப்படியே பார்த்துக்கொண்டிருந்து, முடி நரைத்து, கண் மங்கி, வேலையை விட்டுவிட்டு மதுரையில் மகள் வீட்டோடு போய்விட்டான். சொரிமுத்து சரக்கு ஏற்றும் ஒவ்வொரு தடவையும் எடைச் சீட்டில் ஈரக்கழிவு இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். தப்பு நடந்துகொண்டிருக்கிறது, அப்படியானால் பாக்கியும் நிற்கிறது என்று அவருக்கு வயிறு குளிரும்.

தவசிக்கனியின் நாற்காலிக்கு எப்சிபா வந்தாள். டிப்ளமோ படித்த பெண். வந்த புதிதில் சங்கத்தாரிடம் சொல்லிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பழைய எடை புரோகிராமை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள்.

மறுநாள் சொரிமுத்துவின் லாரி மேடையில் ஏறியது. சீட்டில் முழு எடை இருந்தது. அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பிறகு அறைக்குள் போனார்.

"கழிவை எங்க?"

"முழு எடை வந்திருக்கு பெரியப்பா. சந்தோஷப்படாம மொகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க."

"கழிவை எங்கன்னு கேட்டேன்."

எப்சிபா பொறுமையாகச் சொன்னாள். மற்ற புரோகிராம்களைக் கொண்டுவந்து வைக்கவும் வேண்டாததைத் தூக்கி வெளியே போடவும் என்றே கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம் உண்டு, பேக்கேஜ் மேனேஜர் என்று பெயர். பழைய எடை புரோகிராமை எடு என்று அதனிடம் சொன்னாள். எடுத்தது. அந்தப் பழையதற்காக முன்பு இருந்தவர் எழுதி வைத்திருந்த செட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து அதுவே அழித்துவிட்டது. சில மேனேஜர் ஆளைக் கேட்கும், சிலது அழிக்காமல் மூலையில் போட்டு வைக்கும், இது கேட்காமல் அழிக்கிற ஜாதி.

"எந்த ஊர் மேனேஜர் அவன், கேக்காம அழிக்க?"

"அது ஆளு இல்ல பெரியப்பா."

"ஆளில்லாமலா அழிஞ்சுது? தவசிக்கனி மக உனக்குச் சேக்காளியா?"

"நான் சாயர்புரத்துக்காரி. எனக்கு அவங்க யாருன்னே தெரியாது."

"சரி, இருந்த மாதிரி திருப்பிப் போடு."

"நான் போட்டா அது நான் போட்ட கழிவுல்லா? உங்க கரி நல்லா காஞ்சிருக்கு. நான் எதுக்கு உங்களுக்குக் கெடுதல் செய்யணும்? உங்களுக்கு என் மேல கோவமா?"

"இன்னும் இல்ல" என்றார் சொரிமுத்து.

அழிந்தது கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர்கள் அதைக் கண்டார்கள். ஊரில் இல்லாத ஆட்களுக்காகத் திருப்பியும், வளைத்தும், தாழ்த்தியும், உயர்த்தியும் வைக்கப்பட்டிருந்த பொருள்கள் எல்லாம், கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படி ஆகியிருந்தன. செத்துப்போன மாமனாருக்குத் தலைமாடு உயரவேண்டும் என்று செங்கல் வைத்த கட்டில் நாலு காலில் சமமாக நின்றது, செங்கல்கள் முற்றத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. தையல்காரர் ஒருவர் ஊனக் காலுக்காகச் சாய்த்து வைத்திருந்த மிஷின் மிதி, அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் கழித்து, நேரானது. வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்ட டீச்சருக்காகப் பழக்கதோஷத்தில் ஓடை முக்கில் வேகம் குறையும் மினி பஸ், அன்று முதல் குறையாமல் போனது. டீக்கடை மாசானம், காலமான தன் முதல் வாடிக்கைக்காரர் பேரில் தினமும் சீனி போடாமல் ஒரு டீ ஆற்றிக் காக்கைக்கு ஊற்றுகிறவன், அன்று ஆற்றிப் பார்த்தபோது கை தானாகச் சீனி அள்ளியது. காக்கை குடித்துவிட்டு இன்னும் கேட்டது.

யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. புது கரண்ட் கம்பம் நட்டால் எப்படி நாலு நாளில் அதில் மாட்டைக் கட்டத் தொடங்குவார்களோ, அப்படித்தான் இதையும் எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்தோறும் மத்தியானம் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, செவ்வாய்தோறும் மத்தியானம் ஊரும் புதுப்பிக்கப்பட்டது. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து, முன்னாள் சொந்தக்காரனுடைய கோணல் போகட்டும் என்று, செவ்வாய்க்கிழமை வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். இரண்டாம் தாரமாக வாக்கப்பட்ட ஒருத்தி, மூத்தாள் கைப்பழக்கத்துக்கு ஏற்றபடி மட்டுமே பற்றிக்கொண்டிருந்த ஸ்டவ்வைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள்.

உலகம்மாளைப் போல மகிழ்ந்தவள் ஊரில் இல்லை. அவள் புருஷன் குளிர் தாங்காத ஆள். ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்கவிட மாட்டார், அவர் போன பிறகும் அந்தத் திருகு இரண்டைத் தாண்டித் திரும்ப மறுத்தது, புழுங்கிப் புழுங்கிக் கிடந்தாள். இப்போது அது ஐந்துக்குப் போனது. "ஆளு போன பொறவு ஆளோட பிடிவாதம் மட்டும் எதுக்கு வீட்டுல கெடக்கணும்? வாடகை குடுக்குதா?" என்று குழாயடியில் கேட்டாள். சொரிமுத்து அவளையும் சந்தேகப்பட்டார். அவள் புருஷனும் தவசிக்கனியும் ஒரே திருவிழாவில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள்.

அப்படியே போயிருக்கும். பட்டுராஜ் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்ததால்தான் வழக்கானது. அவன் வீட்டுக் கதவு, தூக்கித் தோளால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். சின்னப் பிள்ளையிலிருந்து அவன் இடித்து இடித்து அதற்கு அந்தப் பழக்கம், அவன் தாய் பிரமு அதை மாற்றவே விடவில்லை. பெட்டியோடு வந்தவன் தூக்கி இடித்தான். எப்போதோ சாதுவாகிவிட்ட கதவு சட்டென்று திறந்துகொண்டது, அவன் அடுப்படி வரைக்கும் போய் விழுந்தான். நாய் அவனைக் கண்டு குரைத்தது. பிரமுவின் கை அவனுக்கு ஆகாத கத்தரிக்காயைக் குழம்பில் அள்ளிப் போட்டிருந்தது. சாப்பிடாமல் எழுந்த மகனைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் நேரே எடைமேடைக்கு வந்து, லாரி ஏறவிடாமல் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஊர் கூடியது.

"எம் மவன் செத்தா போனான்? மஸ்கட்டுக்குல்லா போனான். போனவன் வேற, போயிட்டு வாரவன் வேற. அது உன் பொட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது பெரியம்மா" என்றாள் எப்சிபா. "இப்ப இல்லைன்னா இல்லைன்னுதான் அதுக்குத் தெரியும்."

"அழிக்காம விட்டா குப்பைதான் சேரும்" என்றாள் உலகம்மாள். "நாளைக்கு வேற ஆளு வந்து அதே கட்டில்ல படுத்தா கழுத்துல்லா புடிக்கும்? யாருக்கு எதுக்குச் சரிச்சு வச்சதுன்னே தெரியாம எத்தன நாளு சரிஞ்சு படுக்க?"

"உனக்கு ஃபேன் சுத்துது, நீ பேசுவ."

"உம் மவன் விழுந்ததுல கதவு நல்லாத்தான் இருக்கு, நீ அதைச் சொல்லு."

மாசானம் இரண்டு பக்கமும் தலையாட்டினான், இரண்டு பக்கமும் டீ விற்கவேண்டியிருந்தது. அப்போது சொரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கூட்டத்தில் பேசி வருஷங்கள் ஆகிவிட்டன, தண்ணிச் சொரிமுத்து பேச எழுந்தால் யாராவது இருமுவார்கள்.

"குப்பையா இல்லையான்னு முடிவு பண்ணுறது பொட்டி வேலை இல்ல. பொட்டியோட வந்தது பொட்டிக்குச் சொந்தம், அது அழிக்கட்டும். மனுசன் கையால திருத்தி வச்சது மனுசனுக்குச் சொந்தம். நல்லதுக்குத் திருத்துனானோ கெட்டதுக்குத் திருத்துனானோ, கேட்டுட்டுத்தான் அழிக்கணும்."

"தண்ணி அண்ணாச்சி, உமக்குக் கழிவு போச்சு, நல்லதுதானே நடந்திருக்கு? நீரு எதுக்குக் கொதிக்கீரு?" என்றான் மாசானம்.

"நல்லது யாரு செஞ்சா? அதைச் சொல்லு. செஞ்சவன் பேரு தெரியாத நல்லதை நான் வாங்க மாட்டேன்."

யாரும் இருமவில்லை. பேசிப் பேசி ஒரு வழக்கம் உண்டாயிற்று. கைப்பட மாற்றியதை அழிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதன்மேல் கட்டைவிரலால் கரிப்பொட்டு ஒன்று வைப்பது, பொட்டு இருந்தால் கேட்காமல் தொடக்கூடாது. யாரிடம் போய் இதைச் சொல்வது என்று யோசித்தார்கள், சொல்ல ஆள் இல்லாததால் மேடையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்கள். அடுத்த செவ்வாய் பொட்டு வைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. பிரமு பட்டுராஜைத் தேடிப் பிடித்துப் புதிதாக நாலு நாள் கதவை இடிக்கவைத்து, அது மறுபடி முரண்டு பிடித்ததும் பொட்டு வைத்தாள். கட்டில் கால், சுவிட்சு, சைக்கிள் சீட்டு, நாயின் நெற்றி, மினி பஸ்ஸின் பிரேக் மிதி என்று ஊரெல்லாம் பொட்டாயிற்று. வழியில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, இந்த ஊருக்குக் கண்ணேறு பயம் அதிகம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

சொரிமுத்துவுக்குத்தான் பொட்டு வைக்க இடம் இல்லை. அவருடையது முதல் செவ்வாயிலேயே அழிந்துவிட்டது. கம்ப்யூட்டரின் மேல் வைக்கப் போனார், எப்சிபா துணியால் துடைத்துவிட்டு, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை பெரியப்பா, வெறும் பொட்டியில் வைத்து என்ன செய்ய என்றாள். கழிவுதானே போயிற்று, செய்தது ஊர் வாயில் இருக்கிறது, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் தவசிக்கனி ஊரில் இல்லாத ஆள். அவன் உயர்த்திப் பிடித்த உள்ளங்கையும், அவன் வைத்துவிட்டுப் போன பெயரும், அவனால் கோணிப்போன ஊர் வாயும், எல்லாம் அவன் திருத்தி வைத்தவைதான், ஒன்றின் மேலும் பொட்டு இல்லை.

ஒரு புதன்கிழமை மாசானம் அவரை வெறும் அண்ணாச்சி என்று கூப்பிட்டான். தண்ணி என்கிற சொல் அவன் வாயிலோ முகத்திலோ எங்கும் இல்லை.

"என்னலே, முழுப்பேரையும் சொல்லாம நிறுத்திட்ட?"

"முழுப்பேர்தானே, சொரிமுத்து அண்ணாச்சி."

"முன்னால ஒண்ணு இருக்கும்லா?"

மாசானம் நிஜமாகவே யோசித்தான். "சித்தர் மாதிரி ஏதும் பட்டமா?"

அவர் வீடு வீடாகப் போனார். தவசிக்கனி மேடையில் கையைத் தூக்கிக் காட்டியது நினைவிருக்கிறதா என்று கேட்டார். அப்படியா, எப்போ, உம்மையா, உமது கரியையா, ச்சே, அப்படிச் சொல்ல அவனுக்கு எப்படி மனசு வந்துச்சு என்றார்கள். எல்லாரும் பிரியமாகப் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள். மச்சான் வந்து, நாம எதுக்குத் தனித்தனியா மூட்டம் போடுதோம் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சொரிமுத்துவுக்குப் பயம் பிடித்தது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து அவரை நம்பாமல் இருந்தார்கள், அதை ஒருத்தன்கூட ஒப்புக்கொள்ளாமலே இப்போது எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். இனி தவசிக்கனி வந்து பொய் என்று சொன்னாலும் எதைப் பொய் என்கிறான் என்று யாருக்குத் தெரியும்? சாட்சி இல்லாத ஊரில் பாக்கியை யார் முன்னால் வாங்குவது?

"என் விசயத்துக்கும் ஒரு பொட்டு வையுங்கப்பா" என்று கேட்டுப் பார்த்தார்.

"எதுல வைக்க அண்ணாச்சி?" என்றான் மாசானம். "காதுல வேணா வச்சுக்கிடட்டுமா?" வைத்தும் கொண்டான், நல்ல மனசுக்காரன். ஆனால் காது என்ன செய்யும், கேட்டதுதான் முன்பே போய்விட்டதே.

அப்புறம் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கினார். ஒரு நாள் பல் விளக்கும்போது, குச்சியை வாயில் வைத்தபடி, இந்த நேரத்தில் யாரையோ நினைக்க வேண்டுமே என்று நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்துத்தான் தவசிக்கனி வந்தான், அதுவும் மங்கலாக, யாரோ சொல்லிக் கேட்ட ஆளைப் போல. அன்று முதல் செவ்வாய்தோறும் சட்டையைக் கழற்றி நெஞ்சில் கரிப்பொட்டு வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் போய் உட்கார்ந்தார். கோபம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாததால் இரண்டு பக்கமும் வைத்தார். மத்தியானம் ஆகும், ஏதோ ஒன்று அவரைத் தடவிப் பார்த்துவிட்டு விலகிப் போகும், சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து போவார்.

அந்தக் கோடையில் தவசிக்கனி வந்தான். பூட்டிக் கிடந்த வீட்டை விற்றுவிட்டு மதுரைக்குத் திரும்பும் வழி. மெலிந்து, மகள் வாங்கித் தந்த மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டு மாசானம் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சொரிமுத்து மூட்டத்திலிருந்து ஓடியே வந்தார், மூச்சு வாங்கியது.

"வே தவசிக்கனி."

"வாங்க" என்றான் தவசிக்கனி, எழுந்து நின்று. "உக்காருங்க."

வாழ்நாளில் சொரிமுத்துவை அவன் வாங்க என்று சொன்னதில்லை. இது நடிப்பு என்று அவருக்கு உடனே பட்டது.

"என்னைத் தெரியல?"

"பழகின மொகமாத்தான் இருக்கு. பேருதான் வர மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே இந்த ஊரு விசயம் ஒண்ணுமே எனக்கு நெனப்புல நிக்கல. வயசாச்சுல்லா."

"நீரு எனக்கு ஒரு வார்த்தை தரணும்."

"தந்துட்டாப் போச்சு. என்ன வார்த்தை?"

"அந்த மேடையில ஏறி, நாலு பேரு முன்னால, நான் சொன்னது பொய்னு சொல்லணும்."

தவசிக்கனி மறு பேச்சுப் பேசவில்லை. மெத்தென்ற செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மேடையில் ஏறினான். எப்சிபா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், உலகம்மாள் குடத்தோடு நின்றாள், மச்சான் நின்றான், லாரிக்காரர்கள் நின்றார்கள். "நான் சொன்னது பொய்" என்றான் தவசிக்கனி, நல்ல திடமான குரலில், ஒரு எழுத்து குறையாமல். பிறகு சொரிமுத்துவைப் பார்த்து, ஒரு பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது மாதிரி, "சரியாச் சொல்லிட்டனா? நான் என்ன சொல்லியிருந்தேன்?" என்று கேட்டான்.

நின்றவர்களும் சொரிமுத்துவைத்தான் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"இறங்கும்" என்றார் சொரிமுத்து. "இது செல்லாது."

பஸ் வர நேரம் இருந்தது. சொரிமுத்து அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே தரையில் குந்தி, ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். எல்லைக்குள் நின்று பெய்த மேகத்தைச் சொன்னார், விலக்கின் வெள்ளை வானத்தைச் சொன்னார், சாக்குக்குள் போன கையையும் உயர்ந்த உள்ளங்கையையும் சொன்னார், சித்திரை வெயிலிலும் கழிந்த ஈரத்தைச் சொன்னார், பேசப்போனால் இருமிய கூட்டத்தைச் சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை, எங்கே பிடிபடுகிறான் பார்ப்போம் என்று ஒரு ஆளு, ஒரு ஆளு என்றே சொன்னார். சொல்லும்போது கண்ணை அவன் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. தவசிக்கனியின் தாடை இறுகியது. டீ ஆறிப்போனது. கடைசியில் அவன் கண் கலங்கி, கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"மழை நனைச்ச கரிக்கு மனுசனைக் களவாணி ஆக்கியிருக்கான். அவன் நல்லா இருப்பானா? உயிரோட இருக்கானா அண்ணாச்சி அந்த ஆளு?"

"இருக்கான்."

"வாய் தொறந்து சொன்னானா?"

"இன்னும் சொல்லல."

தவசிக்கனி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "விட்டுறாதீங்க. நாலு பேரு சமாதானம் சொல்லுவாங்க, வயசாச்சும்பாங்க, போகட்டும்பாங்க. நீங்க மட்டும் விட்டுறாதீங்க."

இத்தனை வருஷத்தில் அவர் பக்கம் நின்று ஒரு மனிதன் பேசியது அதுதான் முதல் தடவை. சொரிமுத்துவால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"விட மாட்டேன்" என்றார்.

பஸ் வந்தது. தவசிக்கனி ஏறி, பின் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சொரிமுத்து ரோட்டின் நடுவுக்கே போய் நின்று, பின் கண்ணாடி வழியாக அவன் தோளையே பார்த்தார், தலை மறைந்ததும் சிரிக்கிறானா என்று. தோள் குலுங்கத்தான் செய்தது. ஆனால் குண்டும் குழியுமான அந்த ரோட்டில் பஸ்ஸில் இருந்த எல்லாருடைய தோள்களும் குலுங்கின.